ஆண் முயல்கள் இரண்டையும் இன்றைக்கே பிரித்து வையுங்கள்

நேற்று வரை ஒட்டிப் படுத்திருந்த அண்ணன் தம்பி முயல்கள், நாலரை மாதம் ஆனதும் ரோமம் பறக்கச் சண்டை போடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வளர்ப்பில் குறை இல்லைங்க. 3½, 4 மாதத்தில் ஆண் முயல் பருவத்துக்கு வந்துவிடும். அதன்பின் உடன்பிறப்பு என்ற கணக்கே கிடையாது.

தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். விதைப்பையைக் குறிவைத்தே கடிக்கும். என் வெள்ளை முயலின் தொடையில் சின்னப் பல் தடம்தான் இருந்தது. சில நாளில் நெல்லிக்காய் அளவு சீழ்க்கட்டி ஆகிவிட்டது. ரோமத்தை ஊதி விலக்கி, தொடையிடுக்கு வரை தோலைப் பாருங்கள்.

நிரந்தரத் தீர்வு, இரண்டுக்குமே விதைநீக்க அறுவை. முயலுக்குச் செய்து பழகிய கால்நடை மருத்துவராகத் தேடுங்கள். நாய், பூனை மாதிரி அறுவைக்கு முன் பட்டினி போடக் கூடாது. முயலுக்கு வாந்தி வராது, குடல் ஓட்டம் நின்றால்தான் ஆபத்து.

ஹார்மோன் அடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மூக்கு எட்டாத இடைவெளியில் கூண்டுகளைப் பக்கத்தில் வைத்து, விரிப்புத் துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள். பிறகு இரண்டுமே இதுவரை போகாத அறையில் 10 நிமிடம் விட்டுப் பாருங்கள். சண்டை மூண்டால் வெறுங்கையை நுழைக்காதீர்கள், தடித்த துண்டைப் போட்டுப் பிரியுங்கள்.