ஃபாரோ விளையாட்டில் பிரமிடு கேட்கும் கடினமான கட்டத்தை எப்படித் திட்டமிடுவது?

1999-இல் வந்த, பண்டைய எகிப்தில் நகரம் கட்டும் கணினி விளையாட்டான ஃபாரோவில் பிரமிடு என்றதும் எல்லோரும் கல்லைத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் நகரம் சரிவது பெரும்பாலும் உணவுப் பஞ்சத்தால். நைல் வெள்ளச் சமவெளி வயல்களில் வருடம் ஒரே ஒரு அறுவடை, அதுவும் வெள்ளம் வருவதற்குச் சற்று முன்னால். அந்த விளைச்சல் அடுத்த அறுவடைவரை தாங்க வேண்டும் என்பதால் களஞ்சியங்களை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். வெள்ளத்தின் அளவு ஒசைரிஸ் என்ற தெய்வத்தின் கையில்; அவர் கோயிலில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொரு சிக்கல், வயலுக்கு ஆள் அனுப்பும் வேலை முகாம்தான் பிரமிடுக்குக் கல் இழுக்கவும் ஆள் தருகிறது. ஆள் போதாமல் விதைப்பு தவறினால் அந்த வருடம் போச்சு. எனவே முகாம்களைக் கூட்டிவிட்டு அப்புறம் பிரமிடைத் தொடங்குங்கள்.

குடியிருப்புகளைச் சந்திப்புகள் இல்லாத வளையச் சாலையைச் சுற்றி அமைத்து, வெளியே போகும் வழியில் சாலைத் தடுப்பு வையுங்கள். கடைக்காரியும் தீயணைப்பாளரும் கண்ட பக்கம் அலைய மாட்டார்கள். சரக்கு எடுத்துப் போகிறவர்களை அது தடுக்காது.

உள்ளூரில் கிடைக்காத பொருள் எது என்று முதலிலேயே உலக வரைபடத்தில் பார்த்து, வணிகப் பாதையைச் சீக்கிரம் திறப்பது நல்லது.