செவ்வாயில் தொழிற்சாலை இல்லை என்பதால் பூமியில் புகை குற்றமற்றதாகிவிடுமா?

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தின் மின்மீட்டர் பலகைகள் மழைவெள்ளத்தில் மூழ்காதிருக்க, அவற்றைத் தரைத்தளத்திலிருந்து உயர்த்தி மாற்ற, சங்க நிதியிலிருந்து பணம் கேட்டிருக்கிறோம். அதை எதிர்க்கும் உறுப்பினர் ஒருவர், அமெரிக்க அரசியல்வாதி ஒருவரின் பேச்சை வாட்ஸ்ஆப் குழுவில் பகிர்ந்திருக்கிறார். செவ்வாயும் வியாழனும் புளூட்டோவும்கூடச் சூடாகின்றன, அங்கே நிலக்கரிச் சுரங்கமோ தொழிற்சாலையோ இல்லை, ஆகவே பூமி சூடாவதற்கும் காரணம் சூரியன்தான் என்பது அதன் சாரம். பதிலுக்கு இன்னொருவர், பூமி சீக்கிரமே வெள்ளிக் கிரகம்போல் ஆகிவிடும் என்ற காணொளியைப் போட்டார். இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? எப்படிச் சரிபார்ப்பது?
— வாசகி, வேளச்சேரி

பதில்: இரண்டு காணொளிகளையும் அப்படியே ஏற்க முடியாது. முதலாவது அடிப்படையிலேயே தவறு. இரண்டாவது, உண்மையான அறிவியல் ஒன்றை எடுத்துக்கொண்டு அளவுக்கு மீறி நீட்டுகிறது.

செவ்வாயைச் சாட்சிக்கு இழுக்கும் வாதம் புதிதன்று. முன்னாள் செனட்டர் ஃபிரெட் தாம்சன் 2007 மார்ச்சில் வானொலியில் இதைச் சொன்னார். நிலக்கரி வளம் மிக்க கென்டக்கி மாநிலச் சட்டமன்றத்தின் செனட்டர் பிராண்டன் ஸ்மித், 2014 ஜூலையில் ஒரு படி மேலே போய், செவ்வாயின் வெப்பநிலையும் பூமியின் வெப்பநிலையும் ஒன்றே என்று கல்வியாளர்கள் அனைவரும் ஒப்புக்கொள்வதாகவும், அங்கே நிலக்கரிச் சுரங்கம் இல்லை என்றும் பேசினார். பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ். செவ்வாயினுடையது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 60 டிகிரி. இதைப் பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே பார்த்துவிடலாம் என்பதால் இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டியதில்லை.

'செவ்வாய் சூடாகிறது' என்ற பேச்சுக்கு மட்டும் ஓர் ஆதாரம் உண்டு. அதைத் தெரிந்துகொள்வது பயன்படும். அங்கே தென்துருவத்தில் கரியமில வாயு உறைந்து வெண்ணிறப் படலமாகப் படிந்திருக்கிறது. அதில் வட்டவட்டமான பள்ளங்கள் இருக்கின்றன. அந்தப் பள்ளங்களின் விளிம்புகள் ஒரு செவ்வாய் ஆண்டுக்குள் சில மீட்டர் பின்வாங்கியதை, மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் எடுத்த படங்களைக் கொண்டு 2001-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அடுத்து 2007-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, வைக்கிங் விண்கலங்கள் 1970-களில் எடுத்த படங்களையும் 1999-ஐ ஒட்டி எடுத்த படங்களையும் ஒப்பிட்டு, காற்று வெளிர்நிறத் தூசியை வாரிக்கொண்டு போனதால் தரையின் பல பகுதிகள் கறுத்து, கூடுதலாக வெயிலை உறிஞ்சியிருக்கின்றன என்று கண்டது. அதனால் சுமார் 0.65 டிகிரி உயர்ந்திருக்கலாம் என்பது கணினி மாதிரியின் கணக்கு; கிரகம் முழுவதும் வெப்பமானி வைத்துப் பார்த்த அளவன்று. ஆக, அந்த ஆய்வே சொல்லும் காரணம் தூசிதான். மேடையில் பேசியவர்கள் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை உதறிவிட்டார்கள்.

புளூட்டோவின் கதையும் ஏறத்தாழ இதுதான். அதன் மெல்லிய வளிமண்டலத்தின் அழுத்தம் 1988-க்கும் 2002-க்கும் இடையே பெருகியது உண்மை. ஆனால் சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு 248 ஆண்டுகள் ஆகின்றன. சூரியனுக்கு மிக அருகே அது வந்தது 1989-இல்தான். நாம் பார்த்தது அதன் ஒரு பருவத்தின் சிறு துண்டு. காலையில் தொடங்கி நண்பகலில் நிறுத்திய பதிவைக் காட்டி உலகமே கொதிக்கிறது என்று சொன்னால் எவ்வளவு பொருந்துமோ அவ்வளவுதான் இதுவும் பொருந்தும். வியாழனைப் பற்றியது, அதன் புயல் சுழல்கள் குறித்து 2004-இல் வெளியான ஒரு கணிப்பிலிருந்து வந்தது; அது அளவீடே அன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். சூரியன் உண்மையிலேயே பிரகாசம் கூடியிருந்தால், அந்த உயர்வு எல்லாக் கிரகங்களுக்கும் ஒரே விகிதத்தில், ஒரே காலத்தில் போய்ச் சேர வேண்டும். தங்களுக்குத் தோதான இரண்டு மூன்று கிரகங்களை மட்டும் பொறுக்கி எடுப்பவர்கள், மற்றவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. சொல்லப்போனால் இந்தச் சுற்றுவழியே தேவையற்றது, ஏனெனில் சூரியனை நேரடியாகவே அளக்கிறோம். 1978 முதல் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் அளந்துவருகின்றன: பூமியின் தூரத்தில், சூரியனை நேர்கொண்ட ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1361 வாட்; பதினோரு ஆண்டுச் சுழற்சியில் அது மாறுவது ஏறத்தாழ 0.1 சதவீதம். இந்தக் காலத்தில் பூமியின் வெப்பநிலை தொடர்ந்து ஏறியிருக்கிறது. சூரியனின் ஆற்றலில் அதற்கு ஈடான ஏற்றம் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் பணியைத் தொடர்ந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலான சூரியப் பதிவுகள் இருக்கின்றன. 2023-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஆதித்யா-எல்1 விண்கலமும் சூரியனையே நோக்கிக்கொண்டிருக்கிறது. சூரியன் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பொருளன்று. மேலும், சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாக வேண்டும். நடப்பதோ வேறு: நாம் வாழும் கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடும்போது எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான்.

உங்கள் உறுப்பினர் அடுத்து வேறொரு கேள்வியோடு வரக்கூடும்: செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயுதானே, பிறகு ஏன் அங்கே அப்படிக் குளிர்கிறது? இது நல்ல கேள்வி. இதற்கு 'அங்கே காற்று மெல்லியது, ஆகவே அந்த வாயுவும் கொஞ்சம்தான்' என்று பலர் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில் தவறு. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே செவ்வாயில் நிற்கும் கரியமில வாயு, பூமியில் நிற்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். குளிருக்குக் காரணங்கள் வேறு. செவ்வாய்க்குக் கிடைக்கும் வெயில், நமக்குக் கிடைப்பதில் 43 சதவீதம்தான். அங்கே நீராவி அநேகமாக இல்லை. பூமியிலோ பசுமை இல்ல விளைவின், அதாவது வளிமண்டலம் வெப்பத்தைப் பிடித்துவைப்பதன், பெரும்பங்கு நீராவியினுடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார், இங்கே 1013. வாயு மூலக்கூறு ஒவ்வொன்றும் வெப்பக்கதிரைச் சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டுமே பிடிக்கும். அழுத்தம் மிகுந்து மூலக்கூறுகள் அடிக்கடி மோதும்போது அந்த அலைநீளக் கோடுகள் அகலமாகிப் பக்கத்து அலைநீளங்களையும் மறித்துவிடும். செவ்வாயில் கோடுகள் மெலிந்தே இருப்பதால், இடைவெளிகளின் வழியே வெப்பம் வெளியேறிவிடுகிறது. ஆகையால் அங்கே பசுமை இல்ல விளைவு தருவது சில டிகிரிதான். பூமியில் அது 33 டிகிரி.

வெள்ளிக்கு வருவோம். சூரியனுக்கு இன்னும் அருகிலுள்ள புதனைவிட வெள்ளி சூடானது. தரை வெப்பநிலை சுமார் 464 டிகிரி. வரும் வெயிலில் முக்கால் பங்கை மேகங்கள் திருப்பி அனுப்பிவிடுவதால், வெள்ளி உறிஞ்சும் வெயில் பூமி உறிஞ்சுவதைவிடக் குறைவு. இருந்தும் இவ்வளவு சூடு என்றால், அதன் அடர்ந்த கரியமில வாயுதான் காரணம். இதுவரை ஒப்பீடு சரியே. ஆனால் அங்கே அழுத்தம் பூமியைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு. நமது கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு, இப்போது 420-க்கு மேல். இதிலிருந்து வெள்ளியின் நிலைக்குத் தாவுவது நம் காலத்தில் நடக்கப்போவதில்லை. ஸ்டீஃபன் ஹாக்கிங்கே 2017-இல் அப்படி எச்சரித்தபோது, அது மிகை என்று காலநிலை அறிஞர்கள் மறுத்தார்கள். 2 டிகிரி உயர்வே நமக்குப் போதுமான தொல்லை. அதற்கு வெள்ளியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

இனி இப்படிக் காணொளி வந்தால், எந்தக் கருவி எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை அளந்தது என்றும், அந்தக் கிரகத்தின் ஓர் ஆண்டு எவ்வளவு நீளம் என்றும், மூல ஆய்வு என்ன காரணம் சொன்னது என்றும் பகிர்ந்தவரையே கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும்.

கூட்டத்தில் மட்டும் செவ்வாயைப் பற்றி வாதாடாதீர்கள். உங்கள் கட்டடத்தில் தண்ணீர் ஏறியதற்குக் காலநிலையோடு வடிகாலும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதும் சேர்ந்தே காரணம். எது எவ்வளவு என்று அங்கே தீர்க்க முடியாது, தீர்க்கவும் தேவையில்லை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் தூண்களில் நின்ற நீர்க்கறையை டேப் வைத்து அளந்து, படத்தோடு முன்வையுங்கள். இரண்டில் உயர்ந்ததற்கு மேல் தாராளமாக இடைவெளி விட்டு மீட்டர் பலகையை வையுங்கள். மீட்டரை நீங்களாக இடம் மாற்றக் கூடாது என்பதால், தீர்மானம் நிறைவேறியதும் முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள்; மழைக்காலம் தொடங்கிவிட்டால் இந்த வேலையைச் செய்வது கடினம்.