வீட்டுக்கு வந்தும் வந்து சேராத கணவர்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் பினாங்குத் தீவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் கணவர் விமானி. 2020-இல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது, உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் அவருக்கிருந்த வேலை பறிபோனது. பிறகு வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்றில் துணை விமானியாகச் சேர்ந்து, இப்போது பெரிய ரக விமானங்களில் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று நெடுந்தூரம் பறக்கிறார். மாமியாரின் உடல்நிலையையும் என் அரசுப் பணியையும் எண்ணி, நானும் தொடக்கப்பள்ளி இரண்டாம் ஆண்டில் படிக்கும் மகளும் இங்கேயே தங்கிவிட்டோம். ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், சில நாள்கள் சேர்ந்தாற்போல் ஓய்வு விழும் மாதங்களில், ஊழியர் டிக்கெட்டில் இடம் காலியாக இருந்தால் ஏறி, கோலாலம்பூர் வழியாக வீடு வந்து சேர்வார்.

"உனக்கென்ன குறை, பைலட் பெண்டாட்டி" என்கிறார்கள் உறவினர்கள். வந்த மனிதரோ பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார். அதிகாலை மூன்று மணிக்குச் சமையலறையில் தனியாக மெகி நூடுல்ஸ் சமைத்துச் சாப்பிடுகிறார். கொஞ்சம் சகஜமாகிறார் என்று நினைக்கும்போது புறப்படும் நாள் வந்துவிடுகிறது. வீடியோ அழைப்பில் வாய் ஓயாமல் பேசும் மகள், நேரில் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். சென்ற முறை "அப்பா எப்போ போவாரு?" என்று அவள் என்னிடம் கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்று முழுவதும் அவர் யாரிடமும் பேசவில்லை.

சில மாதங்களாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். பூப்பந்து ஆடக் கூப்பிடும் பழைய நண்பர்களைத் தவிர்க்கிறார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எங்களோடு வந்தவர், காரை விட்டே இறங்கவில்லை. துணி துவைப்பதற்காக அவருடைய பையைத் திறந்தபோது, பாதி காலியான சளி மாத்திரை அட்டைகள் பல இருந்தன. சளியே இல்லையே என்று கேட்டதற்கு, "அதைப் போட்டால்தான் தூக்கம் வருது, யாரிடமும் சொல்லாதே" என்றார். மருத்துவரைப் பார்க்கலாம் என்றதும், "மனச்சோர்வு என்று ஃபைலில் ஏறினால் லைசென்ஸ் போய்விடும்" என்று கத்தினார்.

என் அண்ணன் அவரை உடனே ஊருக்குத் திரும்பச் சொல்கிறார். திரும்பினால் சீனியாரிட்டி போய்விடும், அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார் இவர். நான் வேலையை விட்டுவிட்டு அங்கே போவதா, அவரை அழைத்துக்கொள்வதா, இப்படியே பொறுத்துப் போவதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பினாங்கு

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று வழிகளில் எதையும் இப்போதைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் கணவரிடம் நீங்கள் காண்பதில் தூக்கக் கேடு எவ்வளவு, மனச்சோர்வு எவ்வளவு என்பது தெரியாமல் எடுக்கும் முடிவு, வேலையையோ ஊரையோ மாற்றுமே தவிர அவருடைய நிலையை மாற்றும் என்று சொல்ல முடியாது.

முதலில் அந்த மூன்று மணி மெகியைப் பார்ப்போம். வளைகுடாவுக்கும் பினாங்குக்கும் நான்கைந்து மணி நேர வித்தியாசம் உண்டு. இங்கே அதிகாலை மூன்று என்பது அங்கே இரவு பத்து, பதினொன்றுதான்; அந்நேரத்தில் பசிப்பதும் விழித்திருப்பதும் இயல்பு. நீங்கள் மகளைப் பள்ளிக்குக் கிளப்பும் காலை ஆறு மணியோ அவருடைய உடலுக்கு நடுநிசி தாண்டிய பொழுது. விமானப் பணி விதிகளே உடற்கடிகாரப்படி இரவு இரண்டு முதல் ஆறு வரையிலான நேரத்தை, விழிப்பு மிகத் தாழ்ந்து கிடக்கும் வேளையாகத் தனியே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. வீட்டிலுள்ள எல்லாரும் பரபரப்பாக இருக்கும் அந்த வேளையில்தான் அவர் மந்தமாகவும் சிடுசிடுப்பாகவும் உங்கள் கண்ணில் படுகிறார்.

மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில் உள்ள இந்தக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். மேற்கு நோக்கிப் போவதைவிடக் கிழக்கு நோக்கி வருவது பெரும்பாலானோருக்குக் கடினம். வளைகுடாவிலிருந்து பினாங்குக்கு வருவது கிழக்குப் பயணம் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய வாரம் அவர் அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்தால், அவருடைய உடல் வளைகுடா நேரத்திலும் நிலைகொண்டிருக்காது. ஓய்வு என்று ரோஸ்டரில் எழுதப்பட்ட நாள்களில், இடம் கிடைக்குமா கிடைக்காதா என்ற தவிப்போடு இன்னொரு பயணத்தையும் செய்துதான் அவர் உங்கள் வாசலுக்கு வருகிறார்.

"மாதத்தில் பாதி நாள் சும்மாதானே இருக்கிறார்" என்று உறவினர்கள் சொல்லக்கூடும். பல நாடுகளின் விதிகளில் விமானிக்கு 28 நாளில் 100 மணி நேரம், ஆண்டுக்கு 900 மணி நேரம் என்ற அளவில் பறக்கும் வரம்பு உண்டு. ஆண்டுக்கு 2,000 மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவருக்கு இது விடுமுறை போலத் தோன்றும். அந்தக் கணக்கில் விமானம் நகரத் தொடங்கியது முதல் நிற்கும் வரையிலான நேரம் மட்டுமே சேரும். புறப்பாட்டுக்கு முந்தைய ஆயத்தம், ஸ்டாண்ட்பையில் தொலைபேசியருகே காத்திருப்பது, ஹோட்டல் அறையில் பகல் வெளிச்சத்தோடு போராடித் தூங்க முயல்வது, சிமுலேட்டர் என்ற பாவனை விமானத்தில் நடக்கும் தேர்வுக்குப் படிப்பது ஆகியவை அதில் சேரா. வரம்புக்குள் பறந்தும் களைத்துப்போகிறவர்கள் பலர்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடையதற்கு நிகராகக் குறைகிறது என்று 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் மலேசியாவில் 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் வாகனமோட்டிகளுக்கான மது வரம்பும் அதுவே. ஆகவே அவர் வந்து இறங்கும் நாளில் விமான நிலையத்திலிருந்து காரை நீங்களே ஓட்டுங்கள். வீட்டுக் கடன், மாமியாரின் சிகிச்சை, மகளின் தேர்வு பற்றிய பேச்சுகளை இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

மாத்திரை விஷயத்தில் இப்படித் தள்ளிவைக்க இடமில்லை. தூக்கம் தரும் பழைய வகைச் சளி மாத்திரைகளின் மயக்கம் விழித்த பிறகும் நீளும். தன் கவனம் மங்கியிருப்பது உண்பவருக்கே தெரியாமல் போகலாம். அதைப் போட்டுக்கொண்டு பணிக்குச் செல்வதை நான் எந்த வகையிலும் ஆதரிக்க மாட்டேன். அவர் பின்னால் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கிறார்கள். தன்னால் இயலாத நாளில் இயலாது என்று சொல்லிப் பணியிலிருந்து விலகுவது விமானியின் கடமை. அடுத்த பணிக்கு முன்னர் அவர், விமானிகளின் உடல்தகுதியைச் சோதிக்கும் விமான மருத்துவரைப் பார்க்க வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியை நீங்கள் தர வேண்டாம். "உங்களுக்குத் தெரியாமல் யாரிடமும் போக மாட்டேன், ஆனால் மறைக்கத் துணை நிற்கவும் மாட்டேன்" என்று சொல்லலாம்.

அவருடைய பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை, ஆறு மாதத்துக்கொரு முறை சிமுலேட்டர் தேர்வு என்று பிழைப்பே திரும்பத் திரும்பத் தராசில் ஏறும் தொழில் அது. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் மோதச் செய்து 150 பேர் இறந்த பிறகு, மனநலம் என்ற சொல்லே விமானிகளுக்கு அச்சமூட்டுவதாயிற்று. அந்தத் துணை விமானி தன் நோயை நிறுவனத்திடம் மறைத்திருந்தார். அதே நிகழ்ச்சியின் விளைவாகத்தான், பயிற்சி பெற்ற சக விமானியிடம் இரகசியமாகப் பேசக்கூடிய ஆதரவுத் திட்டம் ஐரோப்பிய நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. வேறு பல நாடுகளின் நிறுவனங்களிலும் இப்போது அது உண்டு. அமெரிக்காவில் 2010 முதல், குறிப்பிட்ட சில மனச்சோர்வு மருந்துகளை மேற்பார்வையில் உட்கொண்டு, நிலைப்பட்ட பின் மீண்டும் பறக்க அனுமதிக்கிறார்கள். சில மாதங்கள் தரையில் இருக்க நேரலாம், வருமானம் குறையலாம் என்பது உண்மை. லைசென்ஸ் இழப்புக் காப்புறுதி அவருக்கு இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.

களைப்பையும் மனச்சோர்வையும் பிரித்தறிய ஆண்டு விடுப்பு உதவும். தூக்கம் ஒழுங்குக்கு வந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், அதைக் களைப்பின் கணக்கில் எழுத வேண்டாம். மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல் ஏதேனும் பேசினால், விடுப்பு வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மகளைப் பற்றியும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதே" என்று ஒரு நாளில் அவளிடம் எத்தனை முறை சொல்கிறீர்கள்? அப்பா வந்தால் விளையாட முடியாது, தொலைக்காட்சி இல்லை, தோழிகள் வர முடியாது என்றாகிவிட்டால், எப்போது போவார் என்று குழந்தை கேட்கத்தான் செய்யும். அது வெறுப்பினால் கேட்ட கேள்வி இல்லை என்பதை அவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். முதல் நாள் பகலில் அவளைப் பாட்டியோடு வெளியே அனுப்பலாம். இரண்டாம் நாள் முதல், மாலை நான்கு மணி டியூஷனுக்குக் கொண்டுபோய்விட்டு அழைத்து வரும் வேலையை அவரிடம் மட்டும் கொடுங்கள். அது அவருடைய உடலுக்கு நண்பகல்; அவர் தெளிவாக இருக்கும் நேரம். வெளிநாட்டுச் சாக்லேட்டைவிட, வழியில் ஐஸ் கச்சாங் வாங்கித் தரும் அப்பாவிடம் அவள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வாள்.

உங்கள் அண்ணனிடம், சீனியாரிட்டி விமானிகளுக்கு வீண் பிடிவாதம் இல்லை என்று சொல்லுங்கள். கேப்டன் பதவி உயர்வு முதல் தீபாவளி விடுப்பு வரை பல இடங்களில் அதைப் பொறுத்தே அமைகிறது. நீங்கள் அங்கே குடிபெயர்ந்தாலும் மாதத்தில் பல இரவுகள் தனியாகத்தான் இருப்பீர்கள். ஆனால் அவருடைய ஓய்வு நாள்கள் பயணத்தில் கரையாது. வேலையை ராஜினாமா செய்ய அவசரப்படாதீர்கள். வெளிநாட்டில் பணிபுரியும் துணையுடன் செல்ல அரசுப் பணியாளர்கள் சம்பளமில்லா விடுப்புக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு. உங்களுக்குப் பொருந்தும் விதிகளை மாவட்டக் கல்வி இலாகாவில் விசாரித்து வையுங்கள். அவர் மருத்துவரைப் பார்த்து, சிகிச்சை ஏதேனும் தொடங்கியிருந்தால் அதற்கும் சில மாதங்கள் கொடுத்து, அதன் பிறகு இருவரும் தூங்கி எழுந்த ஒரு நாளில் உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு முன் அவர் என்னிடம் பேச விரும்பினால், நிறுவனத்தின் பெயரையோ தன் பெயரையோ குறிப்பிடாமல் எழுதட்டும், பதில் எழுதுகிறேன்.