தட்டுவடைக் கடைக்குப் போனது யார்?

ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியை பதில் சொல்கிறார்

கேள்வி: டீச்சர், எனக்குச் சர்க்கரை, கூடவே கொழுப்பு. எண்ணெய்ப் பலகாரம் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சாயங்காலமானால் கால் தானாகத் தட்டுவடை செட் கடைக்குப் போய்விடுகிறது. தட்டைக் கையில் வாங்கும்போதுகூடத் தப்பு என்று தெரிகிறது. கோளாறு புத்தியிலா, மனசிலா?
- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: காலை விட்டுவிடுங்கள் தம்பி, அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

முருகனுக்கு வள்ளி இச்சை, தெய்வானை கிரியை, வேல் ஞானம் என்று நம்மூரில் சண்டையில்லாமல் பங்கு பிரித்துவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அப்படி முடியவில்லை. ஒரு காரியத்தைச் செய்யும்போது கடைசிச் சொல் அறிவுடையதா, இச்சையுடையதா என்று துறவிகள் மல்லுக்கட்டினார்கள். (இங்கே இச்சை என்றால் வெறும் ஆசை அல்ல, ‘இதைச் செய்வேன்’ என்று தீர்மானிக்கிற சக்தி.)

அந்தத் துறவிகளில் ஒருவரான தாமஸ் அக்குவினாஸ் உங்களைத் திட்டமாட்டார். அறிவு எதை நல்லது என்று காட்டுகிறதோ அதைத்தான் இச்சை நாடும் என்பது அவர் கட்சி. உங்கள் தலைக்குள் இரண்டு விதிகள் இருக்கின்றன: கெடுதலானதைத் தின்னக்கூடாது, ருசியானதை விடக்கூடாது. (அவர் தந்த உதாரணம் வேறு. குடும்பப் பத்திரிகையில் வேண்டாம்.) சட்னி தடவி, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையால் மூடுகிறார்களே, அந்த நேரத்தில் ஆசை முதல் விதியைக் கட்டிப்போட்டுவிடும். புத்தி இரண்டாம் விதியை வைத்துக் கணக்கை முடித்துவிடும். தப்பென்று அப்போதும் தெரிகிறதே என்றால், அதற்கும் பதில் வைத்திருக்கிறார். குடித்தவன் நல்ல வார்த்தை பேசுவதுபோல, வாய் சொல்கிறது, உள்ளே ஏறவில்லை என்பார். இது அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்த விளக்கம்.

சரி, அறிவு காட்டிய வழியில்தான் இச்சை நடக்கும் என்றால் மனிதனைக் குற்றம் சொல்ல முடியுமா? இந்தக் கவலை பலருக்கு இருந்தது. 1277 மார்ச் 7 அன்று பாரிஸ் ஆயர் எத்தியன் தாம்பியே 219 கருத்துகளைத் தடை செய்தார். அறிவு உறுதியாக முடிவு செய்துவிட்டால் இச்சை அதை மீற முடியாது என்ற போக்கிலான கருத்துகளும் அந்தப் பட்டியலில் உண்டு. அக்குவினாஸ் இறந்து சரியாக மூன்று வருஷம் நிறைந்த நாள் அது. ஆயருக்கு ஆலோசனை சொன்ன குழுவில் இன்றைய பெல்ஜியத்திலுள்ள கென்ட் நகரத்து ஹென்றி என்ற இறையியல் பேராசிரியரும் இருந்தார். அறிவை அவர் வேலைக்காரன் என்றே சொல்லிவிட்டார். எஜமான் தடுக்கி விழாதபடி விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவன் அவன். எங்கே போவது என்பதை முடிவு செய்வது பின்னால் வருகிற எஜமான்தான். வேண்டாம் என்றால் விளக்குக்காரனையே அனுப்பிவிடலாம்.

1308இல் காலமான டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற துறவி இன்னும் ஒரு படி மேலே போனார். இச்சைக்குள்ளேயே இரண்டு நாட்டம் இருக்கிறது என்றார்: தனக்கு ஆதாயமானதை நோக்கி ஒன்று, நியாயமானதை நோக்கி ஒன்று. ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற அதே நொடியிலும் மற்றதைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் இச்சைக்கு உண்டு. உங்கள் கடிதம் குடித்தவர் எழுதியது மாதிரி இல்லை, ரொம்பத் தெளிவாக இருக்கிறது. அதனால் என் ஓட்டு ஸ்கோட்டஸுக்கு. அதாவது, தெரிந்தேதான் போகிறீர்கள்.

கேள்வி: இதையெல்லாம் படித்து உங்களுக்கு என்ன லாபம்?
- வாசகி, ஏற்காடு

பதில்: பென்ஷன்.

கேள்வி: இரண்டு வைக்கோல் கட்டுக்கு நடுவே, எதைத் தின்பது என்று முடிவெடுக்க முடியாமல் பட்டினியில் செத்த புரிடானின் கழுதை நிஜமா?
- மாணவர், சேலம்

பதில்: 14ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பேராசிரியர் ழான் புரிடான் நிஜம். கழுதை அவர் எழுத்தில் எங்கும் இல்லை, மற்றவர்கள் கட்டிவிட்டது. பசியும் தாகமும் சமமாக உள்ளவன், சோற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நகராமல் நிற்பான் என்ற பேச்சு அரிஸ்டாட்டில் நூலிலேயே இருக்கிறது. புரிடான் சொன்னது வேறு. நல்லது இதுதான் என்று அறிவு சந்தேகத்தோடு காட்டினால், ‘இரு, இன்னும் கொஞ்சம் விசாரி’ என்று இச்சை தள்ளிப்போடலாம் என்றார். அவர் கணக்கில் சுதந்திரம் என்பதே பெரும்பாலும் இந்தத் தள்ளிப்போடும் உரிமைதான்.