வாட்ஸ்அப் குரூப்புக்கு அடுத்து என்ன? அலுவலகத் தொடர்புச் செயலி: கேள்வி பதில்

பணியாளர்களோடு பேச எந்தச் செயலியை எடுப்பது என்று வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். விலைகளைப் போடவில்லை. அவை அடிக்கடி மாறுகின்றன. பேரம் பேசினால் இன்னும் மாறும்.

கே: கோவையில் வாகன உதிரிபாகத் தயாரிப்பு, 140 பேர். இருபதுக்கும் மேற்பட்ட வாட்ஸ்அப் குரூப்களில் எல்லாம் ஓடுகிறது. ஏன் மாற்ற வேண்டும்?

ஓடுவது உண்மைதான். ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம், அதனால் ஆள் எண்ணிக்கையும் பிரச்சினை இல்லை. கணக்கு யாருடையது என்பதில்தான் சிக்கல். அது நிறுவனத்தின் கணக்கு இல்லை, அவரவர் சிம் கார்டின் கணக்கு. வேலையை விட்டுப் போகிறவரைக் குரூப்பிலிருந்து நீக்கலாம். அதுவரை வந்த வரைபடம், விலைப்புள்ளி, வாடிக்கையாளர் புகார் எல்லாம் அவர் போனிலேயே இருக்கும், அவருடைய சொந்தக் கூகுள் கணக்கில் பேக்கப்பாகவும் இருக்கும். 'எல்லோருக்கும் நீக்கு' என்பது இரண்டு நாள் சொச்சம்வரைதான் வேலை செய்யும். குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். பெண் பணியாளர்கள் இதை வெளியே சொல்லாமலே சகித்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. பிறந்தநாள் வாழ்த்து வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். விலைப்புள்ளி, வரைபடத் திருத்தம், தரப் புகார் ஆகிய மூன்றை மட்டும் நிறுவனக் கணக்கு உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். நிதித்துறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. 2021 டிசம்பரில் ஜே.பி. மார்கன் வங்கி மீது இரண்டு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து விதித்த 20 கோடி டாலர் அபராதம், ஊழியர்கள் சொந்தச் செயலிகளில் வேலை பேசியதையும் அது பதிவாகாததையும் பற்றியதுதான்.

கே: ஆறு செயலிகளை ஒப்பிட்டு 60 வரி அட்டவணை போட்டிருக்கிறோம். எதற்கு அதிக மதிப்பெண் தருவது?

அட்டவணையை ஓரமாக வையுங்கள். அரட்டை, வீடியோ, கோப்பு, தேடல் எல்லாம் எல்லாவற்றிலும் இருக்கும். 60 வரியில் 50 வரி 'உண்டு' என்றுதான் வரும். முதலில் இவற்றுக்கு விடை எழுதுங்கள்: எத்தனை பேருக்கு நிறுவன மின்னஞ்சல் இருக்கிறது? எத்தனை பேர் கணினி முன் உட்காருகிறார்கள்? ஏற்கெனவே எதற்குப் பணம் கட்டுகிறீர்கள்? ஒருவர் மாலை ஆறு மணிக்கு வேலையை விட்டால், ஆறு ஐந்துக்கு அவருடைய அணுகலை யார், எந்தத் திரையில் மூடுவார்?

மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பேருக்கு முடிவு தெரிந்துவிடும். கூகுள் வொர்க்ஸ்பேஸ் இருந்தால் கூகுள் சாட் உள்ளேயே இருக்கிறது. ஜோஹோவின் தொகுப்பு இருந்தால் கிளிக் (Cliq) என்ற அலுவலக அரட்டைச் செயலி இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் மட்டும் ரசீதை எடுத்துப் பாருங்கள்: 2024 ஏப்ரலிலிருந்து உலகம் முழுக்க, அதன் அரட்டைச் செயலியான டீம்ஸ் இல்லாத திட்டங்களும் விற்கப்படுகின்றன. பிசினஸ் வகைத் திட்டங்கள் 300 பேரோடு நின்றுவிடும் என்பதையும் கவனியுங்கள். ஏற்கெனவே கையில் இருப்பதை விட்டுவிட்டு வேறொன்றை வாங்குவதானால், அதற்கான காரணத்தை ஒரு பக்கத்தில் எழுத முடிய வேண்டும். எழுத முடியவில்லையென்றால் வாங்க வேண்டாம்.

கே: திருப்பூர், பின்னலாடை. 600 தொழிலாளர்கள், பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். தையல் கூடத்துக்குள் போன் அனுமதி இல்லை. எந்தச் செயலி சரி?

செயலியை வைத்து ஆரம்பித்தால் இங்கே நிச்சயம் தோற்பீர்கள். மின்னஞ்சல் கிடையாது, எண் அடிக்கடி மாறும், போன் லாக்கரில் கிடக்கும். சேர வேண்டிய தகவல்களைப் பிரித்துப் பாருங்கள்.

உடனே தெரிய வேண்டியவை: தீ எச்சரிக்கை, லைன் நிறுத்தம், ஓவர்டைம் மாற்றம். இவை போனுக்கே போகக் கூடாது. மைக், லைன் சூப்பர்வைசர் கையில் ஒரு டேப்லெட், அவ்வளவுதான்.

அன்றைக்குள் தெரிந்தால் போதும் என்பவை: பஸ் நேரம், விடுமுறை, மருத்துவ முகாம். இதற்கு வாட்ஸ்அப்பில் நிறுவனங்களுக்கான ஏபிஐ வழி ஒன்று இருக்கிறது, அதாவது உங்கள் மென்பொருளிலிருந்து நேரடியாகச் செய்தி அனுப்பும் இணைப்பு. நீங்களாக அனுப்பும் செய்தியின் வார்ப்புருவுக்கு (மாதிரி வாசகத்துக்கு) முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். பெறுபவரின் சம்மதமும் வேண்டும். 2025 ஜூலையிலிருந்து வார்ப்புருச் செய்திக்குத் தனித்தனியாகக் கட்டணம், விளம்பர வகையைவிடச் சேவை வகை மலிவு. தொழிலாளி பதில் அனுப்பினால் அதிலிருந்து 24 மணி நேரம் வார்ப்புரு இல்லாமல் பேசலாம். இதில் எண்கள் குரூப்பில் வெளிப்படுவதில்லை, போகிறவரைப் பட்டியலிலிருந்து எடுத்தால் போதும்.

எஸ்.எம்.எஸ். என்றால் நிறுவனப் பெயர், தலைப்பு (அனுப்புநராகத் தெரியும் குறியீடு), வார்ப்புரு மூன்றையும் வணிக எஸ்.எம்.எஸ்.களுக்கான டி.எல்.டி. தளத்தில் பதிய வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் செய்தி வழியிலேயே நின்றுவிடும், 'அனுப்பியாச்சே' என்று ஹெச்.ஆர். சாதிப்பார். தமிழ், இந்தி, ஒடியா எல்லாம் யூனிகோடாகப் போவதால் ஒரு செய்திக்கு 70 குறியீடுகள்தான். நீண்டு துண்டானால் துண்டுக்கு 67. 'நாளை' என்பது பார்க்க இரண்டெழுத்து, கணக்கில் நான்கு குறியீடு. ஆக நாற்பது எழுத்துக்குள் முடிக்கப் பாருங்கள், இல்லையென்றால் இரட்டைக் கட்டணம்.

படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பதிவு செய்த குரல் அழைப்பு. மொழிக்கு ஒரு பதிவு, அரை நிமிடத்துக்குள், ஷிஃப்ட் விட்டு அரை மணி கழித்து.

சம்பளச் சீட்டு, விடுப்பு இருப்பு, புகார் ஆகியவற்றுக்கு மட்டும்தான் செயலி தேவை. பணியாளர் எண்ணோ ஓ.டி.பி.யோ வைத்து நுழையும் வசதி இல்லாத செயலியை முதல் சுற்றிலேயே தள்ளிவிடுங்கள். 600 பேருக்கும் முழு லைசென்ஸ் வாங்காதீர்கள். மைக்ரோசாஃப்டில் எஃப்1, எஃப்3 போல, களப்பணியாளருக்கெனக் குறைந்த விலைத் திட்டங்கள் இருக்கின்றன. போன் மாற்றியவர் எண்ணைப் புதுப்பிக்கப் பஞ்சிங் மெஷின் பக்கத்திலேயே ஓர் ஆள், மாதத்தில் ஒரு நாள். இந்த வேலையை யாரும் எடுத்துக்கொள்ளாத இடத்தில் ஆறு மாதத்தில் பட்டியலே செத்துவிடும்.

கே: பன்னிரண்டு பேர் கொண்ட ஸ்டார்ட்அப். ஸ்லாக் இலவசத் திட்டம் போதுமா?

இப்போதைக்குப் போதும். 90 நாளுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்குத் தெரியாது. ஓராண்டைத் தாண்டியவை 2024 ஆகஸ்ட் முதல் நிரந்தரமாகவே அழிக்கப்படுகின்றன. பணம் கட்டினால் பழையது எல்லாம் திரும்பி வந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள். முடிவு எடுத்த அன்றே அதை ஒரு ஆவணத்தில் எழுதுங்கள். இலவசத் திட்டத்தில் ஏற்றுமதி செய்தால் பொதுச் சேனல்கள் மட்டும் வரும், அதிலும் கோப்பு வராது, கோப்புக்கான இணைப்புதான் வரும்.

கே: அரட்டையா, கிளிக்கா? இரண்டுமே ஜோஹோதானே?

'அரட்டை' என்ற ஜோஹோ செயலி சொந்த உரையாடலுக்கு, போன் எண் அடிப்படையிலானது. அலுவலகத்துக்கு அதை எடுத்தால் வாட்ஸ்அப்பில் இருந்த அதே உரிமைச் சிக்கல் புது ஐகானோடு வரும். அலுவலகத்துக்கு கிளிக். தரவு இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்பவர்கள் கணக்கு தொடங்கும்போதே இந்திய மையத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு மாற்றுவது தலைவலி.

கே: மருத்துவமனை ஐ.டி. பிரிவு. நோயாளி விவரம் வெளியே போகக் கூடாது என்று நிர்வாகம் சொந்த சர்வர் கேட்கிறது. சொந்த சர்வரில் நிறுவக்கூடிய அரட்டைச் செயலிகளான மேட்டர்மோஸ்ட், ஜூலிப் இரண்டையும் பார்க்கிறோம்.

செய்யலாம். வன்பொருள் பெரிய விஷயமில்லை: ஜூலிப்புக்கு நூறு பேருக்குள் என்றால் 2 ஜி.பி. ரேம், 10 ஜி.பி. வட்டு, நூறைத் தாண்டினால் 4 ஜி.பி. ரேமும் இரண்டு சி.பி.யு.வும். எக்ஸ்ரே படங்களை அனுப்புவார்கள் என்பதால் வட்டை மட்டும் தாராளமாக வையுங்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் போன் அறிவிப்பு. பிளே ஸ்டோரில் இருக்கும் செயலி, அதைத் தயாரித்தவரின் சாவியோடு கையெழுத்தானது. கூகுளும் ஆப்பிளும் அந்தச் சாவி உள்ளவரிடமிருந்து மட்டுமே அறிவிப்பை ஏற்கும். ஆகவே உங்கள் சர்வர் உள்ளூரில் இருந்தாலும் அறிவிப்பு தயாரிப்பாளரின் இடைநிலை சர்வர் வழியாகத்தான் போகும். இதற்கு வரம்பும் கட்டணமும் உண்டு. ஜூலிப்பில் 10 பேர் வரைதான் இலவசம். அறிவிப்பில் செய்தியின் உள்ளடக்கம் வராமல் 'புதிய செய்தி' என்று மட்டும் வரும்படி அமைக்க முடியும். மருத்துவமனைக்கு அது கட்டாயம், இல்லையென்றால் நோயாளியின் பெயர் பூட்டிய திரையிலேயே தெரியும்.

இரண்டில் எது என்றால், ஜூலிப்பில் சேனலுக்குள் ஒவ்வொரு பேச்சுக்கும் தலைப்பு உண்டு. இரவு ஷிஃப்ட் நர்ஸ் காலையில் வருகிறவருக்கு ஒப்படைக்க அது தோதாக இருக்கும். பழக ஒரு வாரம் முணுமுணுப்பார்கள்.

பேக்கப் எடுப்பதோடு நிறுத்தாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள். பாதுகாப்புத் திருத்தம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போடுவதற்கு இரண்டு பேர் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும்தான் தெரியும் என்றால் சொந்த சர்வர் வேண்டாம், கிளவுடே பாதுகாப்பு.

கே: செய்திகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? வழக்கு வந்தால் ஸ்கிரீன்ஷாட் போதுமா?

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டம், 63ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) வேண்டும், நிபுணர் கையொப்பமிடும் பகுதியும் உண்டு. நிர்வாகத் திரையிலிருந்து நேரமுத்திரையோடு ஏற்றுமதி செய்ய முடிகிற செயலியில் இது எளிது.

காலக்கெடுவுக்கு ஒரே எண் கிடையாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் புகாருக்கு மூன்று மாதம், காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம். ஆகவே தானாக மறையும் செய்திகளைப் பணிக் கணக்குகளில் அணைத்துவையுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் கொடுத்த உத்தரவு சர்வர் பதிவேடுகளை 180 நாள் வைக்கச் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலாகின்றன. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதால், எல்லாவற்றையும் என்றென்றைக்கும் சேர்த்துவைப்பதும் ஆபத்துதான். பொதுப் பேச்சுக்கு ஓராண்டு, ஒப்பந்தம் சார்ந்த சேனலுக்கு ஒப்பந்தக் காலமும் வழக்குக்கான காலமும் என்று பிரித்துவைத்து, உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தகராறு எழுந்தவுடன் அந்த நபர்களின் செய்தி அழியாமல் நிறுத்திவைக்கும் வசதி எந்தத் திட்டத்தில் வருகிறது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் மேல்நிலைத் திட்டத்தில்தான் வரும்.

கே: நான் ஊழியர். தனிச்செய்தியை முதலாளி படிக்க முடியுமா?

முடியும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். ஸ்லாக், டீம்ஸ் போன்றவற்றில் செய்தி வழியிலும் வட்டிலும் மறையாக்கம் ஆகியிருக்கும், ஆனால் வாட்ஸ்அப்பைப் போல அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி இல்லை. தக்க திட்டமும் அதிகாரமும் உள்ள நிர்வாகி எடுக்கலாம். யார், எப்போது, யார் ஒப்புதலோடு எடுப்பார்கள் என்பதை நிறுவனம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

கே: தேடினால் தமிழ்ச் செய்திகள் கிடைப்பதில்லையே?

'சம்பளம்' என்று தேடினால் 'சம்பளத்தை', 'சம்பளத்தில்' வராது, ஏனென்றால் பல தேடல்கள் முழுச்சொல்லைப் பார்க்கின்றன. சொல்லின் முற்பகுதியை வைத்துத் தேடுமா என்று சோதனையிலேயே பாருங்கள்: 'சம்பள' என்று அடித்தால் மூன்றும் வர வேண்டும். 'லீவு', 'லீவ்', 'விடுப்பு', ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் எல்லாம் கலந்து கிடக்கும் இடத்தில் எந்தத் தேடலும் கைகொடுக்காது. விடுப்பு விண்ணப்பத்தைப் படிவமாக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

கே: டீம்ஸ் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. யாரும் உள்ளே வரவில்லை.

எம்.டி. இன்னும் வாட்ஸ்அப்பில் எழுதுகிறாரா? எழுதினால் அதுதான் காரணம், வேறு தேட வேண்டாம். ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள், உதாரணமாக தினசரி அனுப்புகை விவரம். ஒரு தேதி குறியுங்கள். அன்று பழைய குரூப்பை 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்று மாற்றி, புதிய இணைப்பை மேலே பின் செய்யுங்கள். குரூப்பை அழிக்காதீர்கள், கலவரமாகும்.

'அறிவிப்பே வரவில்லை' என்பவர்கள் பலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் பேட்டரி சேமிப்பு அமைப்பு பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடும். செயலிக்குத் தானாகத் தொடங்கும் அனுமதி கொடுத்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். ஒவ்வொரு போனையும் கையில் வாங்கிச் செய்துகொடுங்கள். சுற்றறிக்கை அனுப்பினால் நடக்காது.

கே: வாங்கிய செயலியையே கம்பெனி மூடிவிட்டால்?

மூடுவார்கள். ஹிப்சாட் 2019இல் போனது. ஸ்கைப் 2025 மேயில் போனது. மெட்டாவின் வொர்க்பிளேஸ் மூடப்படுவது 2024 மேயில் அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 31 வரை வழக்கம்போல, அதன்பின் 2026 மே 31 வரை படிக்கவும் இறக்கிக்கொள்ளவும் மட்டும். இவ்வளவு அவகாசம் எல்லோரும் தர மாட்டார்கள். சோதனைக் காலத்திலேயே ஏற்றுமதி பொத்தானை அழுத்தி, வரும் கோப்பைத் திறந்து, படமும் பதில்களும் பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பனையாளர் சொல்வதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள்.

கே: விலைப்புள்ளியில் என்ன மறைந்திருக்கும்?

18 சதவீத ஜி.எஸ்.டி. பெரும்பாலும் தனி. மாத விலை என்று காட்டுவது ஆண்டு ஒப்பந்தத்துக்கான விலையாக இருக்கும். ஒரே கடவுச்சொல்லில் நுழையும் எஸ்.ஏ.எம்.எல். வசதியைப் பலர் மேல் திட்டத்தில் வைத்திருப்பார்கள். ஆட்கள் அடிக்கடி மாறும் நிறுவனத்துக்கு அது ஆடம்பரம் இல்லை. வெளி ஆட்களை விருந்தினராகச் சேர்த்தால் லைசென்ஸ் கணக்கில் வருமா என்று கேளுங்கள். ஆட்கள் குறைந்தால் ஆண்டு நடுவில் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்பதற்குப் பதில் வாய்மொழியாக வேண்டாம், ஒப்பந்தத்திலேயே வரட்டும். தீபாவளிக்குப் பிறகு ஊருக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கும் மார்ச் வரை பணம் கட்டிக்கொண்டிருக்கும் ஆலைகள் உண்டு.