குருவிக்கு எதற்கு இரண்டு பக்கம்?

கேள்வி: உங்கள் இதழில் மாதாமாதம் ஓர் எழுத்தாளர் இரண்டு பக்கம் எழுதுகிறார். ஒரு மாதம் வாசலுக்கு வந்த குருவி, அடுத்த மாதம் பழைய புத்தகக் கடை, அப்புறம் பாட்டி சொன்ன ஏதோ ஒரு சொல். திருமணிமுத்தாறு சாக்கடையாக ஓடும் ஊரில் இது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு இல்லையா? என் அப்பா அம்மாபேட்டையில் தறி நெய்தவர். குருவி பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. இந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டு உருப்படியாக ஏதாவது போட்டால் என்ன?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: நிறுத்த மாட்டோம். உங்கள் கடிதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நியாயமில்லாத பாதி.

தறிக்காரருக்குக் குருவி பார்க்க நேரமில்லை என்கிறீர்கள். பறவை பார்ப்பது வசதியானவர்கள் காரியம் என்ற எண்ணம் எப்படியோ நமக்குள் புகுந்துவிட்டது. கரிச்சான் இருட்டு பிரிவதற்கு முன்பே குரல் கொடுக்கிற பறவை. அதைத் தினமும் கேட்டவர்கள் யார்? மாட்டுக்குத் தீனி போட எழுந்தவர்கள், ஏர் பூட்டப் போனவர்கள். திருப்பாவையின் 7ஆம் பாட்டில் ஆனைச்சாத்தன்கள் கலந்து பேசுகின்றன. உரைகாரர்கள் அதை வலியன் என்பார்கள், நம் கரிச்சான்தான். அதைத் தொட்டே ஆய்ச்சியர் தயிர் கடையும் ஓசை வருகிறது. ஆண்டாளுக்கு வேலையும் பறவையும் ஒரே விடியலில்தான் கேட்டிருக்கின்றன. ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் எது கூடு கட்டியது என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதற்காக அவர் தனியாக நின்று பார்த்திருக்க மாட்டார், தறியில் உட்கார்ந்தபடியே அறிந்திருப்பார். அவரிடம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, இதனால் என்ன பயன் என்று கேட்கிறீர்கள். சிட்டுக்குருவியையே எடுத்துக்கொள்வோம். செல்போன் டவர் வந்ததும் குருவி போய்விட்டது என்று ஊர் முழுக்கச் சொல்கிறது. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வேறு மாதிரி சொன்னது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை, பெங்களூரு, மும்பை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்திருக்கிறது. இதை எப்படிக் கண்டார்கள் தெரியுமா? 15,500க்கும் மேற்பட்டவர்கள் பதிந்து வைத்த ஒரு கோடிக்கும் அதிகமான குறிப்புகளிலிருந்து. அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். மொட்டை மாடியிலும் ஏரிக்கரையிலும் சற்று நேரம் நின்று, கண்டதை எழுதி வைத்தவர்கள். நீங்கள் வேலையற்றவர்கள் என்று சொல்லும் ஆட்கள் இவர்கள்தான்.

இதைவிடப் பழைய குறிப்பு ஒன்று உண்டு. குறுந்தொகையின் 46ஆம் பாட்டு, பாடியவர் மாமிலாடன். வாடிய ஆம்பல் பூப்போன்ற சிறகுடைய குருவி முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்கிறது, மன்றத்து எருவின் புழுதியில் குடைந்து ஆடுகிறது, வீட்டுக் கூரையின் இறவாரத்தில் குஞ்சுகளோடு தங்குகிறது. அந்தப் பாட்டு பறவைகளைப் பற்றியதே அல்ல. பிரிந்து போனவனை நினைத்து ஒருத்தி புலம்பும் பாட்டு. ஆனாலும் ஒரு குருவி வாழ என்னென்ன வேண்டும் என்பது அதில் துல்லியமாக இருக்கிறது. முற்றம், புழுதி, இறவாரம். நம் புதுக் குடியிருப்புகளில் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். தரை முழுக்க சிமெண்ட், முகப்பு முழுக்கக் கண்ணாடி, கூடு வைக்க ஒரு பொந்து கிடையாது. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியும் இல்லை. நம் சேலம் லீ பஜாரில் மூட்டை இறங்கும் இடத்தில் தானியம் சிந்துகிறது, அங்கே குருவி இன்னும் கொத்திக்கொண்டிருக்கிறது. டவர் அங்கேயும்தான் இருக்கிறது.

மலைக்கு வாருங்கள். சேர்வராயன் மலையில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை உண்டு. உலகத்தில் தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. அழிவின் பக்கம் சாயக்கூடியவை என்ற உலகப் பட்டியலில் இருக்கிறது. காப்பித் தோட்டம் அதற்குச் சரிப்படாது. பாறையும் முள்ளும் புதரும் கலந்த சரிவுதான் அதன் வீடு. அப்படிப்பட்ட சரிவு நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? ஒன்றுக்கும் உதவாத கரடு. கல் உடைக்கலாம், வேறென்ன. தென்னிந்தியா முழுக்க இந்தப் பறவைக்குப் பெரிய ஆபத்தே கல்குவாரிதான். ஏற்காட்டுக்குப் போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, அந்தக் குரலைக் கேட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் எழுதுகிற ஒருவர் நமக்கு வேண்டும். நாளைக்கு அந்தக் கரட்டில் வெடி வைக்க வந்தால், அங்கே உயிர் இருந்தது என்பதற்கு அந்த இரண்டு பக்கம் சாட்சி.

இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் விடாமல் ஒரு பத்தி எழுதினார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் எழுதியவர். யானையை எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் அணிலையும் எழுதினார். அத்தனை ஆண்டுகள் அந்தப் பத்தியை விடாமல் போட்ட ஆசிரியர்களை நான் மனதார மதிக்கிறேன். அந்த இடத்தைப் பிடுங்கி வேறு ஏதாவது உருப்படியாகப் போட்டிருந்தால் இன்று நாம் எதைப் படித்திருப்போம்?

இப்போது உங்கள் நியாயமான பாதி. இந்த வகை எழுத்தில் குப்பை அதிகம். எங்களுக்கு வருவதில் பெரும்பாலானதைத் திருப்பி அனுப்புகிறோம். குயில் தன் துணையை நினைத்துப் பாடுகிறாள் என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுவேன். குக்கூ என்று ஏறி ஏறிக் கூவுவது கறுப்பு ஆண்குயில். பெண்குயில் பழுப்பு, உடம்பெல்லாம் புள்ளி, அதன் குரலே வேறு. கோடை விழாவுக்கு ஏற்காடு போனபோது ஆறுமணிக்குருவி கூவியது என்று எழுதினால் அதையும் நம்ப மாட்டேன். அது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் நம் பக்கம் வந்து, கோடை முற்றுவதற்குள் திரும்பிவிடும். அக்டோபர் கடைசியில் களைத்துப்போய் கொல்லையில் விழுந்து கிடக்கும் அந்தப் பச்சையும் நீலமுமான பறவையைப் பற்றி எழுதுங்கள், உடனே போடுகிறேன். கூண்டில் போட்டு அரிசி வைத்ததாக எழுதாதீர்கள். அது மண்புழுவும் பூச்சியும் தின்னும். அட்டைப் பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்திருந்து, தெளிந்ததும் விட்டுவிட வேண்டும்.

புத்தகத்தைப் பற்றி எழுதுகிறவருக்கும் இதே கண்டிப்புதான். பழைய புத்தகத்தின் மணம் மனதை மயக்கியது என்று எழுதினால் போதாது. எந்தப் புத்தகம், யார் எழுதியது, எந்தப் பக்கத்தில் கண் நின்றது, சொல்ல வேண்டும். எண்ணம் எங்கு வேண்டுமானாலும் அலையட்டும், சொல்லும் விவரம் சரியாக இருக்க வேண்டும். எங்கள் எழுத்தாளர் அதில் கறாரானவர். அதனால்தான் அந்தப் பக்கம் அவருக்கு.

கடைசியாக, திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து நம் ஊருக்குள் வந்து சாயமும் சாக்கடையும் சுமக்கிற ஆறு. அதை எழுத வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடே இல்லை. நீங்களே எழுதுங்கள். மலையடியிலிருந்து ஊருக்குள் வரை நடந்து பாருங்கள். எந்தப் பாலத்தடியில் தண்ணீர் நிறம் மாறுகிறது, எந்த நேரத்தில் நாற்றம் கூடுகிறது, கரையில் குடியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கழிவுநீரிலும் இரை தேடும் நெடுங்கால் உள்ளான் என்ற பறவை எங்கே நிற்கிறது, அதுவும் நிற்காத இடம் எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழுக்குக் கொடுத்தால் நான்கு பக்கம் ஒதுக்குகிறேன். குருவிப் பக்கத்திலிருந்து எடுத்து அல்ல, தனியாக.