கரீபியன் தீவுகளில் பேக்பேக்கிங் செய்துகொண்டே ஸ்பானிஷ் படிக்க முடியுமா? எந்தத் தீவுக்குப் போகலாம்?

அடிப்படை ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும், இரண்டு மாத விடுப்பு கிடைத்திருக்கிறது, பனாமாவின் போகாஸ் தெல் தோரோ அல்லது ஹோண்டுராஸின் உத்திலா தீவில் தங்கிப் படிக்க ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் ஸ்பானிஷ்தான் நோக்கம் என்றால் அந்த இரண்டு தீவுகளையும் விட்டுவிடுங்கள். கடற்கரை அழகை வைத்துத் தீவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த ஊர் வீடுகளின் அடுப்படியில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

மத்திய அமெரிக்காவின் கரீபியன் கரையை ஒட்டிய தீவுகள் பலவற்றில் வீட்டு மொழி ஸ்பானிஷே கிடையாது. அந்தப் பக்கம் நெடுங்காலம் பிரிட்டிஷ்காரர்களின் கை ஓங்கியிருந்தது. உத்திலாவும் பக்கத்துத் தீவான ரோவத்தானும் 1859-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஹோண்டுராஸிடம் வந்தன. இன்றும் அங்கே பழைய குடும்பங்கள் ஆங்கிலம்தான் பேசுகின்றன. நிகராகுவாவின் கார்ன் தீவுகளிலும், கொலம்பியாவுக்குச் சொந்தமான சான் அந்த்ரேஸ், ப்ரொவிதென்சியா தீவுகளிலும் ஆங்கிலத்தில் இருந்து கிளைத்த கிரியோல் மொழிதான். போகாஸில் ஜமைக்கா முதலிய இடங்களில் இருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் அதிகம். அங்கே பஸ்திமெந்தோஸ் தீவில் இறங்கினால் காதில் விழுவது குவாரி குவாரி என்ற கிரியோல். போகாஸ் நகரத்தில் நல்ல ஸ்பானிஷ் பள்ளிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் படகுக்காரர் ஆங்கிலம், ஹாஸ்டல் முழுக்க ஆங்கிலம். காலையில் படித்தது சாயங்காலத்துக்குள் ஆவியாகிவிடும். உத்திலா ஸ்கூபா கற்றுக்கொள்ள அருமையான இடம். அதற்காகப் போங்கள்.

நான் சொல்வது ஒமெத்தேப்பே. கரீபியன் கடலில் இல்லை, நிகராகுவா ஏரிக்குள் இருக்கும் தீவு. 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த ஏரி என்பதால் கரையில் நின்றால் கடல் என்றே தோன்றும், அலையும் அடிக்கும். இரண்டு எரிமலைகள் சேர்ந்ததுதான் தீவு: 1,610 மீட்டர் உயரமுள்ள கொன்செப்சியோன், 1,394 மீட்டர் உயரமுள்ள மதேராஸ். 2010-இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. சுற்றுலா உண்டு, ஆனால் ஊர் அதை மட்டும் நம்பிப் பிழைக்கவில்லை. வாழை, காபி, மாடு, மீன் என்று அவரவர் வேலை அவரவருக்கு இருக்கிறது. அந்த வேலை எல்லாம் ஸ்பானிஷில்தான் நடக்கிறது. எனக்கு மொழி வந்தது இதனால்தான்.

நான் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தேன். காலையில் திண்ணையில் ஆசிரியரோடு தனி வகுப்பு. உண்மையான வகுப்பு சாயங்காலம்தான். அந்த வீட்டுப் பாட்டி முறத்தில் சிவப்பு பீன்ஸைக் கொட்டிக் கல் பொறுக்க உட்காருவார், எனக்கும் ஒரு பிடி தள்ளிவிடுவார். பிறகு தினமும் அதே கேள்வி: “கே இஸீஸ்தே ஓய்?” இன்றைக்கு என்ன செய்தாய் என்கிறார். எங்கே போனேன், யாரைப் பார்த்தேன், என்ன சாப்பிட்டேன் என்று எல்லாவற்றையும் இறந்த காலத்தில் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் தலையை நிமிர்த்தாமலே சரியான வடிவத்தை ஒரு முறை சொல்வார், கை பீன்ஸிலேயே இருக்கும். நானும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்வேன். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதற்கு ஈடாகாது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். நிகராகுவா மக்கள் சொல் முடிவில் வரும் ‘ஸ்’ஸைக் காற்றாக விட்டுவிடுவார்கள். காலை வணக்கமான “புவேனோஸ் தீயாஸ்” காதில் “புவேனோ தீயா” என்று விழும். ஒருமையில் பேச ‘தூ’ இல்லை, ‘வோஸ்’தான். தெருவில் எதிரே வருபவர் நிற்காமல், விடைபெறும்போது சொல்லும் “அதியோஸ்” என்று சொன்னால் பதிலுக்கு நீங்களும் அதையே சொல்லுங்கள், அங்கே அது வணக்கமும்கூட. முதல் வாரம் திணறத்தான் செய்யும். அப்புறம் பழகிவிடும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஸ்பானிஷ் கைகொடுக்கும் இடங்கள் நிறைய. ப, த, க மூன்றையும் நம்மைப் போலவே மூச்சு விடாமல் சொல்கிறார்கள். ‘அது’ என்பதில் வரும் த, ‘மகன்’ என்பதில் வரும் க எவ்வளவு மெத்தென்று ஒலிக்கிறதோ, அதே ஒலிதான் அவர்களுடைய ‘நாதா’விலும் ‘லாகோ’விலும். ஞ அப்படியே இருக்கிறது. ‘நான்’ என்று சொல்லாமலே ‘போகிறேன்’ என்றால் போதும், வினையிலேயே ஆள் தெரிந்துவிடும். ‘எனக்குக் காபி பிடிக்கும்’, ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்ற வாக்கிய அமைப்பும் அதே போலத்தான், ஆங்கிலம் வழியாக யோசித்தால்தான் குழப்பம் வரும். சிரமம் எங்கே என்றால், ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ‘இருக்கிறது’ என்பதற்கு ‘செர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள். இந்த இரண்டையும் ஊரிலேயே நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள். தில்லியில் இருக்கும் இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ் இணையவழிப் பாடமும் நடத்துகிறது. தீவுக்குப் போய் முதல் பாடத்தில் இருந்து தொடங்குவது காசுக்குக் கேடு.

பயணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதல் ஐந்தாறு வாரம் ஒரே ஊரில் உட்காருங்கள். இரண்டு நாளுக்கு ஓர் ஊர் என்று சுற்றினால், கட்டிலுக்கு எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு, கழிவறை எங்கே என்று அதே சில வாக்கியங்களையே மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பீர்கள். பல பேக்பேக்கர்கள் அரை வருடம் சுற்றியும் அங்கேயே நின்றுவிடுவது இதனால்தான். மொழி கொஞ்சம் கைவந்த பிறகு நிகராகுவாவின் கிரனாதா, லெயோன் நகரங்களுக்குப் போய்ப் பாருங்கள், அதே பயணம் வேறு மாதிரி இருக்கும். தீவில் இருக்கும்போதே ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மதேராஸ் ஏறுங்கள். உச்சியில் எரிமலை வாய்க்குள் சிறு ஏரி இருக்கிறது. அது முழு நாள் நடை. வழியெல்லாம் மரம், பறவை, குரங்கு என்று அவர் பேசிக்கொண்டே வருவார், நல்ல பயிற்சி.

போகும் வழி: மனாகுவாவில் இருந்து ரீவாஸுக்கு பஸ். பெரும்பாலும் அமெரிக்காவில் ஓடித் தேய்ந்த பழைய பள்ளிப் பேருந்துகள்தான். பக்கத்திலேயே சான் ஹோர்ஹே துறை. அங்கிருந்து தீவில் இருக்கும் மோயோகல்பாவுக்கு ஃபெரியில் சுமார் ஒரு மணி நேரம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று பலமாக இருக்கும், சில நாள் படகே விடமாட்டார்கள். திரும்பும் விமானத்துக்கு முதல் நாள்தான் தீவை விட்டுக் கிளம்புவேன் என்று திட்டம் போடாதீர்கள். தீவுக்குள் பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு.

சைவம் என்றால் ‘கார்னே (இறைச்சி) இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் கோழி வரும். “நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ”, அதாவது இறைச்சி, கோழி, மீன் எதுவும் சாப்பிடமாட்டேன் என்று மூன்றையும் சொல்லுங்கள். பீன்ஸும் சோறும் சேர்த்து வதக்கிய காயோ பிந்தோ, வறுத்த வாழை, பாலாடைக்கட்டி, தோர்த்தியா என்ற சோள ரொட்டி என்று வயிறு நிறைந்துவிடும். பன்றிக் கொழுப்பில் சமைப்பதும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசியல் பற்றி அக்கறையோடு ஒன்று சொல்கிறேன். அரசுக்கு எதிரான 2018 போராட்டங்களுக்குப் பிறகு நிகராகுவாவில் அரசை விமர்சிப்பது ஆபத்தான விஷயம். பேச்சுப் பயிற்சிக்காகக்கூட ஆசிரியரிடம் அதைக் கிளறாதீர்கள். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், அவர் அங்கேயே வாழ வேண்டியவர். ட்ரோனையும் கொண்டு போகாதீர்கள், அந்த நாட்டுக்குள் அனுமதி இல்லை.

கடல்தான் வேண்டும் என்றால் எக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளை யோசிக்கலாம். எக்வடார் ஸ்பானிஷ் தெளிவாகக் காதில் விழும். ஆனால் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் மட்டும் 2024 ஆகஸ்டில் இருந்து 200 டாலர், தங்குவதும் சாப்பிடுவதும் விலை அதிகம். கியூபாவில் வீடுகளில் தங்கும் வசதி அருமை, ஹவானா பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருகிறது. மின்வெட்டு இப்போது அங்கே கடுமையாக இருப்பதால் இரண்டு மாதத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். பனாமா, கொலம்பியா, எக்வடார் இவற்றில் எங்காவது தங்கிவிட்டு நேராக இந்தியா திரும்பினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.